பதறாத காரியம் சிதறாது: பழைய மீட்டரும் துருப்பிடித்த ஸ்க்ரூவும்

வணிகப் பெருமக்கள் பலருடைய கடைப் பரணிலும் கிடங்கு மூலையிலும் தகப்பனார் காலத்துச் சாமான்கள் தூங்கிக்கொண்டிருக்கின்றன. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அவை கீழே இறங்கும். மறுநாள் காயலான் கடைக்குப் போய்விடும். அவற்றுள் கண்ணாடி முகமும் முள்ளும் உள்ள கறுப்புப் பெட்டி ஒன்று, அதாவது பழைய மின்சார மீட்டர் ஒன்று இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் சற்று நிதானியுங்கள். அப்படிப்பட்டவற்றைத் தேடி வாங்குகிறவர்கள் இன்று இருக்கிறார்கள்.

நாங்கள் இதைப் பட்டறிந்தே எழுதுகிறோம். எங்கள் மளிகைக் கடையை ஒட்டி ஒரு காலத்தில் சிறிய எலெக்ட்ரிக் சாமான் கடையும் நடந்தது. அதன் கடைசி மிச்சம் ஓர் ஏவோ மீட்டர், எட்டாம் மாடல். வாங்க வந்தவர் நல்ல விலை சொன்னார். உள்ளே ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார். ஒரு ஸ்க்ரூ மட்டும் அசையவில்லை. வந்தவரைக் காக்க வைக்கக் கூடாது என்ற அவசரத்தில், பெட்டி உடைக்கும் பெரிய திருப்புளியை அதில் வைத்து, அரைக் கிலோ எடைக்கல்லால் இரண்டு தட்டுத் தட்டினோம். பேக்லைட் மூலை பிஸ்கட் போல உடைந்தது. முள்ளும் பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை. பேசிய விலையில் பாதிகூடத் தேறவில்லை.

அந்த மீட்டரின் அருமை எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பிரிட்டிஷ் தபால் துறை இன்ஜினியர் டொனால்ட் மெகாடி என்பவரின் யோசனையில் பிறந்த முதல் ஏவோ மீட்டர் 1923-இல் விற்பனைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் ஆகிய மூன்றையும் ஒரே கருவியில் அளந்ததால், அவற்றின் ஆங்கில முதலெழுத்துகளே பெயராயின. எட்டாம் மாடல் 1951-இல் வந்து, 2008 வரை தயாரிக்கப்பட்டது.

முதலில் வியாபாரிக்குரிய கணக்கைப் போடுவோம். ஸ்க்ரூவின் விலை சில ரூபாய். அதைச் சுற்றியுள்ள பேக்லைட் பலகையும் உள்ளே இருக்கும் முள் பகுதியும் போனால் கடையில் கிடைக்காது. ஆகவே ஸ்க்ரூ போனாலும் போகட்டும், பெட்டி பிழைக்க வேண்டும். இந்த ஒரு கொள்கையைப் பிடித்துக்கொண்டால் மற்றவை எளிது.

தொடங்குமுன்:

பேட்டரிகளை எடுத்துவிடுங்கள். எட்டாம் மாடலில் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றும் 15 வோல்ட் பேட்டரி ஒன்றும் இருக்கும். துருவுக்குப் பெரும்பாலும் காரணம் ஒழுகிய பேட்டரிதான். கைப்பிடி சுற்றும் மெகர் கருவியாக இருந்தால், கைப்பிடியைச் சுற்றிவிடாதீர்கள். 500 வோல்ட் வரை, சிலவற்றில் அதற்கு மேலும் தரும். எந்தப் பழைய மீட்டரையும் சோதித்துப் பார்க்கிறேன் என்று வீட்டு மின்சாரத்தில் செருகக் கூடாது. இருட்டில் ஒளிர்வதற்காக முகத்தில் பூச்சிட்ட பழைய ராணுவக் கருவிகளைத் திறக்கவே வேண்டாம். அந்தப் பூச்சில் ரேடியம் இருக்கக்கூடும்.

செய்ய வேண்டிய முறை:

1. ஒழுகிய இடத்தைச் சுத்தம் செய்யுங்கள். இதற்கான மருந்து நம் கடை அலமாரியிலேயே இருக்கிறது. பழைய சாதாரண பேட்டரியின் கசிவு அமிலத் தன்மை உடையது. அதற்குச் சமையல் சோடா கரைத்த நீர். ஆல்கலைன் பேட்டரியின் கசிவு காரத் தன்மை உடையது, அதற்கு வினிகர். பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும், ஊற்றக் கூடாது. பின் ஈரப் பஞ்சால் துடைத்து நன்றாக உலர விடுங்கள்.

2. ஸ்க்ரூ தலையின் வெட்டில் அடைந்திருக்கும் அழுக்கையும் களிம்பையும் ஊசி முனையால் சுரண்டி எடுங்கள்.

3. துருவை ஊடுருவும் எண்ணெயைக் குச்சி முனையில் தொட்டு ஒரே ஒரு சொட்டு வையுங்கள். ஸ்பிரே அடிக்காதீர்கள். எண்ணெய் பரவி ஸ்விட்சிலும் முள் பகுதியிலும் இறங்கினால் புது வியாதி வரும். தேங்காய் எண்ணெய் உதவாது. வைத்த சொட்டு ஊற ஒரு இரவு கொடுங்கள்.

4. வெட்டின் அகலமும் நீளமும் சரியாக நிரம்பும் திருப்புளியைத் தேர்ந்தெடுங்கள். சிறிய முனை தலையைத் தேய்த்துவிடும். பெரியது பலகையைக் கீறும். நேராக நிறுத்தி, அழுத்தம் அதிகமாகவும் திருப்பும் விசை குறைவாகவும் கொடுங்கள்.

5. முதலில் மயிரிழை அளவு இறுக்கிப் பார்த்து, பிறகு தளர்த்துங்கள். துருவின் பிடி விடுவது பெரும்பாலும் இப்படித்தான். கொஞ்சம் அசைந்ததும் முன்னும் பின்னுமாகத் திருப்பி வெளியே கொண்டுவாருங்கள்.

6. அசையாவிட்டால் சூடான சால்டரிங் அயர்ன் முனையைத் தலையில் மட்டும் அரை நிமிடம் வையுங்கள். ஆறியதும் மீண்டும் முயலுங்கள். எண்ணெய் வைத்த இடமாதலால் முதலில் துடைத்துவிட்டுச் சூடேற்றுங்கள். நெருப்புச் சுடர் கூடவே கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. பேக்லைட்டில் பதித்த பித்தளை மரை ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றுவது போலத் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அடுத்த கால் சுற்றில் பலகை வெடிக்கும்.

தலை தேய்ந்துபோயிருந்தால் ஹாக்ஸா பிளேடு துண்டால் புதிய வெட்டு போடலாம். அதற்கும் மசியாவிட்டால் கடைசி வழி, தலையை மட்டும் டிரில் செய்து நீக்குவது. பலகை மேலே வந்துவிடும். மிஞ்சிய தண்டைக் குறட்டால் பிடித்துத் திருகிவிடலாம். ஆனால் உள்ளே காந்தம் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். இரும்புத் தூள் ஒன்று புகுந்தாலும் காந்தம் இழுத்துக்கொள்ளும், முள் சிக்கிக்கொள்ளும். சுற்றிலும் டேப் ஒட்டி, தூளை அவ்வப்போது எடுத்துவிட்டே டிரில் போட வேண்டும். சுத்தியல் அடி எந்த நிலையிலும் வேண்டாம். முள் சுழலும் கூர்முனைகள் நகைக்கல் போன்ற சிறு கற்களின் மேல் நிற்கின்றன. அதிர்ச்சியில் முனை மழுங்கும். எங்கள் எடைக்கல் செய்த வேலை அதுதான்.

புது ஸ்க்ரூ போடும்போதும் ஒரு கவனம் தேவை. அக்காலத்து பிரிட்டிஷ் கருவிகளில் பெரும்பாலும் ‘பி.ஏ.’ மரை இருக்கும். அதன் மரைக் கோணம் 47.5 டிகிரி, இன்றைய மெட்ரிக் மரை 60 டிகிரி. 4 பி.ஏ. ஸ்க்ரூ 3.6 மில்லிமீட்டர் பருமன், மரை இடைவெளி 0.66 மில்லிமீட்டர். கிட்டத்தட்டச் சேர்கிறதே என்று மெட்ரிக் ஸ்க்ரூவை முறுக்கினால் உள்மரை பாழாகும். ஆகவே கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும், எந்தத் துளையிலிருந்து வந்தது என்று எழுதிய தனித்தனிப் பொட்டலத்தில் மடித்து வையுங்கள். பொட்டலம் மடிக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை! திறக்குமுன் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கைப்பழக்கத்தைக் கடைத் தராசில் காட்ட வேண்டாம் என்றும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். முத்திரையிட்ட தராசைப் பழுதுபார்க்க உரிமம் பெற்றவர் வேண்டும். பழுதுபார்த்தபின் மறு முத்திரையும் பெற வேண்டும்.

பரணில் இருக்கும் பழைய பெட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பாருங்கள். ஒரு சொட்டு எண்ணெய், ஓர் இரவுப் பொறுமை, பொருத்தமான திருப்புளி. முதலீடு இவ்வளவே. அவசரப்பட்டு நாங்கள் இழந்ததை நீங்கள் இழக்க வேண்டாம்.