புளியமரச் சாலையும் நான்குவழிச் சாலையும்

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் ஜி.எஸ்.டி. சாலை ஒரு காலத்தில் இருவழிச் சாலை. இரு பக்கமும் புளியமரங்கள். இரவில் கண்ணுக்குத் தெரிய அடிமரத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை. எதிரே லாரி வந்தால் இடப்பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்க வேண்டும். செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் என ஊர் ஊராகக் கடைத்தெருவுக்குள் புகுந்து வெளியேற வேண்டும். நடுவில் மாட்டு வண்டி, சாலையிலேயே காயப்போட்ட தானியம். அம்பாசடர் 80-ஐத் தொட்டால் கதவெல்லாம் கடகடக்கும். வேக வரம்பு சட்டப் புத்தகத்தில் இருந்தது. வண்டியை அடக்கியதோ சாலைதான். ஆபத்து அன்றும் உண்டு. முந்தப்போய் நேருக்கு நேர் மோதியவர்களும், மரத்தில் மோதியவர்களும் ஏராளம்.

இன்று அது நான்குவழிச் சாலை. நடுவே தடுப்பு, ஊரைத் தொடாத புறவழிச்சாலை. 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. உள்ளே இருப்பவருக்கு அது தெரிவதே இல்லை. வண்டியை அடக்க இப்போது ஓர் எண்தான் மிச்சம். அந்த எண்ணைச் சுற்றித்தான் அத்தனை அரசியலும்.

2018 ஏப்ரலில் மத்திய அரசு விரைவுச்சாலையில் கார்களுக்கு 120, நான்குவழிச் சாலையில் 100 என வரம்பை உயர்த்தியது. நல்ல சாலை, நல்ல இன்ஜின் என்பது வாதம். 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் கிருபாகரன், தமிழ்ச்செல்வி அமர்வு அதை ரத்து செய்தது. அதே ஆண்டு அமைச்சர் நிதின் கட்கரி, விரைவுச்சாலையில் 140 வரை விடலாம் என்றார். சென்னை மாநகரில் 2023 ஜூனில் பகலுக்கு 40 என்றது போலீஸ். வாகன ஓட்டிகள் கொதித்தார்கள். நவம்பரில் காருக்கு 60 ஆனது. நாட்டில் 2022-இல் மட்டும் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர். பத்தில் ஏழு சாவுக்கு அதிவேகமே காரணம் என்கிறது அரசின் கணக்கு.

இந்த எண் சண்டையில் குரலே இல்லாதவர் ஒருவர் உண்டு. வீடு இந்தப் பக்கம், வயலும் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கம் என்று ஆகிப்போன கிராமத்துக்காரர். அவருக்குத் தெரிந்த அரசியல் சாலை மறியல்தான். ஒரு சாவு விழும், ஊரே சாலையில் உட்காரும், தாசில்தாரும் டி.எஸ்.பி.யும் வந்து பேசுவார்கள். மறுநாள் நகைக்கடை விளம்பரம் எழுதிய இரண்டு பேரிகார்டு வளைத்து நிறுத்தப்படும். சுரங்கப்பாதைக்கு மனு மேல் மனு போகும்.

அன்று ஊருக்குள் வந்த வண்டி ஊருக்குக் கட்டுப்பட்டது. இன்று ஊர் வண்டிக்குக் கட்டுப்படுகிறது. 100-ஆ, 120-ஆ என்று கேட்குமுன், குறுக்கே கடப்பவருக்கு வழி எங்கே என்று கேட்க வேண்டும். அந்தச் சுரங்கப்பாதை சாலையின் வரைபடத்திலேயே இருக்க வேண்டியது; மறியலுக்குப் பிறகு வர வேண்டியதல்ல.