சார்லமேனின் முன்னோர்

கி.பி. 800ஆம் ஆண்டில் ரோமாபுரியில் பேரரசராக முடிசூடிய சார்லமேன், தொன்றுதொட்ட மன்னர் மரபில் வந்தவர் அல்லர். அவர்தம் பாட்டனார் சார்லஸ் மார்த்தெல் முடி தரித்தவரே அல்லர்.

பிராங்கியரின் நாட்டை நெடுங்காலம் ஆண்டோர் மெரோவிங்கிய மரபினர் ஆவர். 7ஆம் நூற்றாண்டில், மெட்ஸ் நகர ஆயர் அர்னுல்பின் மகனுக்கு, அரண்மனைத் தலைவர் பெப்பின் தம் மகள் பெக்காவை மணம் செய்து கொடுத்தார். ஆயருக்கு மகனா என்று வியக்க வேண்டா. அப்பதவியை ஏற்குமுன் அவர் இல்லறத்தாரே. இம்மணத்தின் வழியே சார்லமேனின் குலம் தழைத்தது. அரண்மனைத் தலைமை நாளடைவில் இக்குலத்தார்க்கே உரியதாயிற்று. படையும் வருவாயும் அவர்கள் கையில் இருந்தன. மன்னருக்கோ முடியும், அரச மரபின் சின்னமாகிய நீண்ட கூந்தலுமே எஞ்சின. 751இல் சார்லமேனின் தந்தை பெப்பின், மன்னர் சில்டெரிக்கின் கூந்தலை மழித்து அவரை மடத்துக்கு அனுப்பிவிட்டுத் தாமே அரசரானார்.

அரியணை கிட்டிற்று, அரச குருதிக்கு என் செய்வது? அக்குறையை ஏடெழுதுவோர் தீர்த்து வைத்தனர். 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த குலவரிசை ஒன்று, அர்னுல்பின் முன்னோராக அன்ஸ்பெர்ட் என்னும் ரோமானியப் பெருங்குடியாளரைக் காட்டி, அவர் மெரோவிங்கிய மன்னர் குளோத்தாரின் மகள் பிளித்தில்டை மணந்தார் என்கிறது. 6ஆம் நூற்றாண்டிலேயே அவ்வரச குடும்பத்தைப் பற்றி விரிவாக எழுதிய தூர் நகர ஆயர் கிரெகோரி, அப்பெண்ணின் பெயரைக்கூடக் குறித்தாரில்லை.