பெரிய கொடுவாவை ஆற்றுக்கே விடுங்கள்

விருத்தாசலம் பக்கத்து நல்லூர்க்காரர்களுக்குக் கடல் தூரத்துச் சமாச்சாரம். மணிமுத்தாறு வருஷத்தில் பெரும்பாலான நாள் மணலாகக் கிடக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்தால் கரை தொட்டு ஓடும், அப்புறம் மறுபடி மணல்தான். ஆனால் அந்தத் தண்ணீர் விருத்தாசலத்தைத் தாண்டி, கூடலையாத்தூரில் வெள்ளாற்றோடு கலந்து, சேத்தியாத்தோப்பு அணைக்கட்டையும் புவனகிரியையும் கடந்து, பரங்கிப்பேட்டையில் வங்கக் கடலில் போய்ச் சேருகிறது. அந்த முகத்துவாரத்திலும் அதற்குத் தெற்கே பிச்சாவரம் வரைக்கும் பின்னிக் கிடக்கும் வாய்க்கால்களிலும் கொடுவா மீன் இருக்கிறது. பீங்கான் பொம்மைக்குப் பேர்போன எங்கள் விருத்தாசலம் பகுதியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டிலோடு அந்தப் பக்கம் கிளம்பும் இளைஞர்கள் இப்போது பெருகிவருகிறார்கள். கரையிலிருந்து எறிந்து அலுத்துப்போய், கயாக் என்ற சிறு துடுப்புப் படகு வாங்கினால் என்ன என்று பேசிக்கொள்கிறார்கள். தாராளமாக வாங்கலாம். வாங்குவதற்கு முன் அந்த மீனைப் பற்றித் தெரிந்துகொண்டால் நல்லது.

கயாக்கில் உட்கார்ந்து தூண்டில் போடும் பழக்கம் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் ஒரு பெரிய பொழுதுபோக்கு. டெக்சாஸ், லூசியானா, புளோரிடா மாநிலங்களின் ஆழம் குறைந்த கழிகளில் விடியலுக்கு முன்பே நூற்றுக்கணக்கானவர்கள் துடுப்புப் போட்டுப் போகிறார்கள். அவர்கள் தேடிப் போகும் மீன்களில் முதலிடம் ஸ்பெக்கிள்டு ட்ரவுட்டுக்கு. முதுகு முழுக்கக் கரும்புள்ளி, மேல்தாடையில் இரண்டு கோரைப்பல். பெயரில் ட்ரவுட் இருந்தாலும், வெள்ளைக்காரர்கள் நீலகிரி ஓடைகளில் கொண்டுவந்து விட்ட ட்ரவுட்டுக்கும் இதற்கும் உறவே கிடையாது. இது நம்மூர்க் கத்தாழை, பன்னா இவற்றின் குடும்பம். நம் கத்தாழை வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையை அதிரவைத்துக் குரல் கொடுப்பதைப் போலவே இதில் ஆண் மீன்கள் இனப்பெருக்கக் காலத்தில் அந்திநேரத்தில் கூட்டமாகக் குரல் எழுப்பும். மலேசியக் கடற்கரையில் தண்ணீருக்குள் தலையை விட்டு, இந்தக் குடும்பத்து மீன்களின் சத்தத்தைக் கேட்டே கூட்டம் எங்கே நிற்கிறது என்று சொல்லும் கைதேர்ந்த மீனவர்கள் இருந்திருக்கிறார்கள்.

அங்கே கயாக்கை விரும்புவதற்குக் காரணம் எளிமையானது. அரையடித் தண்ணீரிலும் போகும். இன்ஜின் சத்தம் இல்லை. ஒரு தக்கை, அதற்குக் கீழே முழ நீளத்துக்குத் தங்கூசி, நுனியில் முள்ளோடு ஓர் இறால் அல்லது இறால் மாதிரி செய்த ரப்பர் இரை. தக்கையைச் சுண்டி இழுத்தால் ‘பொளக்’ என்று சத்தம் வரும். பக்கத்தில் இன்னொரு மீன் மேய்கிறது என்று நினைத்து ட்ரவுட் ஓடிவரும். அதன் வாய் மெல்லிசு, வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து முள் கழன்றுவிடும். பொறுமையாக விட்டுப்பிடித்து இழுக்கிறவனுக்குத்தான் மீன்.

இதையெல்லாம் படிக்கும்போது சோழமண்டலக் கரைக்காரனுக்கு ஒன்று தோன்றாமல் போகாது. தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து, தனியாளாகத் துடுப்புப் போட்டு, முள்ளில் மீன் பிடிப்பது நம் கரையில் காலங்காலமாக நடந்ததுதான். ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பயண நூலிலேயே கட்டுமரத்தை விவரித்திருக்கிறார். மூன்று, நான்கு லேசான மரங்களைக் கயிற்றால் பிணைத்ததுதான் கட்டுமரம். அலை மேலே ஏறினால் மரங்களுக்கு இடையே வழிந்து இறங்கிவிடும். மூழ்குவதற்கு அதில் குழிவே இல்லை. இன்று விற்கும் மேலே உட்காரும் வகைக் கயாக்கிலும் அதே தத்துவம்தான். அடிவரை ஊடுருவும் துளைகள் வழியாக ஏறிய தண்ணீர் தானே வடிந்துவிடும். ஒரே வித்தியாசம், மரம் தண்ணீர் குடிக்கும். அதனால்தான் கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்துத் தனித்தனியாக வெயிலில் காயப்போட்டார்கள். பிளாஸ்டிக் கயாக்குக்கு அந்த வேலை இல்லை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த கண்ணாடியிழைப் படகுகள் கடலூர், நாகை கரைகளில் கட்டுமரத்தை ஏறக்குறைய ஓரங்கட்டிவிட்டன. அதைக் குறையாகச் சொல்லவில்லை. உயிரைப் பணயம் வைத்து அலையில் முட்டி போட்டுத் துடுப்புப் போட்டவர்களுக்கு இன்ஜின் ஒரு விடுதலை. ஆனாலும் கட்டுமரத்தோடு ஒரு வகை மீன்பிடிப்பும் குறைந்துபோனது. ஒரு முள், ஒரு மீன் என்ற கணக்கில், எதை எடுப்பது எதை விடுவது என்று ஆளே பார்த்து முடிவு செய்யக்கூடிய மீன்பிடிப்பு அது. வலையில் அது முடியாது. கயாக் வந்தால் அந்த வாய்ப்பும் கூடவே வருகிறது. அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கை வரவேற்கிறேன்.

வெள்ளாற்று முகத்துக்கு வருவோம். இங்கே ஏற்ற வற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான். ஆனால் நிலம் தட்டை என்பதால் உப்புத் தண்ணீர் ஆற்றுக்குள் சுமார் 15 கிலோமீட்டர் ஏறி வரும். கோடையில் முகத்துவாரத்தில் கடல் அளவுக்கு உப்பு இருக்கும். வடகிழக்குப் பருவமழை வெள்ளத்தில் ஏறக்குறைய குடிதண்ணீர் ஆகிவிடும். இந்த மாற்றத்தைத் தாங்கும் மீன்களே இங்கே வாழும்: மடவை, கிழங்கான், கெளுத்தி, காலா, செப்பிலி, எல்லாவற்றுக்கும் மேலே கொடுவா. தெற்கே கொள்ளிடத்து முகம் வரை இந்த நீர்ப்பரப்பு ஒன்றோடொன்று இணைந்தது. இடையில் இருக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு 2022-ல், சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. இந்தத் தண்ணீரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல்வாழ் உயிரியல் மையம் 60 ஆண்டுகளாக அளந்து ஆராய்ந்து வருகிறது. இந்தியாவில் இவ்வளவு நுணுக்கமாகப் படிக்கப்பட்ட கழிமுகங்கள் சொற்பம்.

கொடுவா எங்கே நிற்கும் என்பதை அன்னங்கோயில் பக்கத்து மீனவர் ஒருவர் எனக்குக் காட்டினார். வற்றம் பிடித்திருந்த நேரம். அலையாத்திக் காட்டிலிருந்து ஒரு சின்ன வாய்க்கால் ஆற்றில் இறங்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்பே இன்ஜினை அணைத்துவிட்டுக் கம்பு ஊன்றினார். “இனிமே பேச்சு வேணாம் தம்பி. வாய்க்கால்ல இருந்து எறா அடிச்சிட்டு வருது. அது வாயத் தொறந்துகிட்டு நிக்கும்” என்றார். கண்டல் வேரை ஒட்டித் தெளிந்த தண்ணீரும் கலங்கல் தண்ணீரும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரிந்தது. அந்தக் கோட்டில் உயிர் இறாலை மிதக்கவிட்டார். இறால் இரண்டு முறை தண்ணீருக்கு மேலே துள்ளியது. மூன்றாவது துள்ளலுக்கு இடமில்லை, ‘டப்’ என்று ஒரு சத்தம், தண்ணீர் குழிந்து மூடியது. கொடுவா கடிப்பதில்லை. வாயை அகலத் திறந்து, இரையைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. மாட்டியதும் முழு உடம்போடு எம்பித் தலையை உதறியது. அதன் செவுள் மூடியின் ஓரம் கத்தி மாதிரி இருப்பதால், தலையை உதறும்போது தங்கூசி அதில் பட்டால் போச்சு. முள்ளுக்கு மேலே ஒரு முழம் தடித்த நரம்பு கட்டுவது அதற்காகத்தான். ஒன்றரைக் கிலோ இருக்கும். அதை அவர் பெட்டியில் போட்டார், அது அவர் வீட்டு அரிசி.

இந்த ஒன்றரைக் கிலோ மீன் அநேகமாக ஆண். கொடுவாவின் வாழ்க்கையில் மிக முக்கியமான செய்தி இதுதான். இந்த மீன் முதலில் ஆணாக முதிர்கிறது, சில வருடங்கள் ஆணாக இனப்பெருக்கம் செய்கிறது, பிறகு உடம்பு பெருத்தபின் பெண்ணாக மாறுகிறது. சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் முட்டுக்காட்டில் 1997-ல் கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்வித்து வெற்றி கண்டது. பொரிப்பகங்களில் இன்றும் தாய் மீன் வேண்டுமென்றால் நான்கு கிலோவுக்கு மேற்பட்டதைத்தான் எடுக்கிறார்கள், தந்தை மீன் அதைவிடச் சின்னது. ஆகவே, ஆற்றில் கிடைக்கும் பெரிய கொடுவாக்கள் ஏறக்குறைய எல்லாமே தாய். ஒரு முதிர்ந்த தாய் கோடிக்கணக்கில் முட்டையிடக்கூடியது. அந்த அளவுக்கு வளர அது எத்தனை வலை, எத்தனை முள், எத்தனை வறட்சிக்குத் தப்பியிருக்க வேண்டும்!

நம் ஊர்ப் பேச்சில் ‘குஞ்சைப் பிடிக்காதே’ என்பது உண்டு. ‘பெரியதை விடு’ என்பது இல்லை. ஆஸ்திரேலியாவில் இதே மீனை பாராமுண்டி என்கிறார்கள். அங்கே குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் 58 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளதையும் எடுக்கக்கூடாது, 120 சென்டிமீட்டருக்கு மேலே உள்ளதையும் எடுக்கக்கூடாது. நடுவில் உள்ளது மட்டும் சாப்பாட்டுக்கு. டெக்சாஸிலும் இதே வழிதான். 2021 பிப்ரவரியில் அடித்த கடுங்குளிரில் அந்தக் கடற்கரையில் 38 லட்சம் மீன்கள் செத்ததாக மாநில அரசு மதிப்பிட்டது. அதற்குப் பிறகு ட்ரவுட் விதிகளை இறுக்கினார்கள். இப்போது ஓர் ஆள் ஒரு நாளைக்கு மூன்று மீன், அதுவும் 15-லிருந்து 20 அங்குலத்துக்குள். ட்ரவுட் பால் மாறுவதில்லை, என்றாலும் அதிலும் பெரியவை பெரும்பாலும் பெண்தான். பரிசும் புகழும் பெரிய மீனுக்கே என்று பல தலைமுறையாக வளர்ந்த தூண்டில்காரர்கள் அங்கே படம் எடுத்துவிட்டு மீனை விட்டுவிடப் பழகிவிட்டார்கள்.

நம் இளைஞர்கள் போனில் காட்டும் படங்களிலும் எட்டுக் கிலோ, பத்துக் கிலோ கொடுவாதான் இருக்கிறது. ஆனால் செவுளில் கையைக் கொடுத்துத் தொங்கவிட்ட கோலம். அந்த மீன் திரும்பிப் போகவில்லை என்று படமே சொல்கிறது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருக்கிறது. மீனவருக்கு இந்த உபதேசம் செய்ய எனக்கு உரிமையில்லை. பெரிய கொடுவா என்பது அவருக்கு ஒரு வாரத்து வருமானம். பிச்சாவரத்து இருளர் மக்கள் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிறார்கள், அவர்களுக்கும் இந்தப் பேச்சு இல்லை. வீட்டில் அடுப்பு எரிய அந்த மீன் தேவைப்படாதவருக்குத்தான் சொல்கிறேன். கயாக்குக்கே பல ஆயிரம் ரூபாய் செலவழித்தவருக்கு அந்தத் தாய் மீனை விடுவதில் நஷ்டம் ஒன்றும் இல்லை.

நல்லூருக்கும் இதில் பங்குண்டு. கொடுவா உப்புத் தண்ணீரில் முட்டையிடும். குஞ்சுகள் கழிகளுக்குள் ஏறி, வழி இருந்தால் நல்ல தண்ணீர் வரைக்கும் போய் வளரும். விலாங்கும் ஆற்றில் வளர்ந்து கடலில் முட்டையிடப் போகும் இனம்தான். ஆனால் இன்று வெள்ளாற்றில் தொழுதூர், பெலாந்துறை, சேத்தியாத்தோப்பு என்று வரிசையாக அணைக்கட்டுகள் நிற்கின்றன. மணிமுத்தாற்றிலும் கோமுகி ஆற்றிலும் அணைகள் உண்டு. இவை இல்லாமல் நம் நெல்லும் கரும்பும் இல்லை, அது தெரியும். இருந்தாலும் வெள்ளக் காலத்தில் மீன் ஏறிப்போக ஒரு படிவழி அமைப்பது பெரிய செலவில்லை. மணல் அள்ளிப் பள்ளமாக்கிய ஆற்றில் கோடையில் ஒரு மடுகூட மிஞ்சாமல் போவதையும் சேர்த்தே பேச வேண்டும். முகத்துவாரத்து மீனின் தலையெழுத்தில் பாதி இங்கே, மேட்டில் எழுதப்படுகிறது.

கயாக்கோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஐப்பசியிலிருந்து மார்கழி நடுவரை வெள்ளாற்றில் இறங்கவே வேண்டாம், கலங்கலில் மீனும் படாது, வெள்ளம் ஆளைக் கடலுக்கே கொண்டுபோய்விடும். தை பிறந்து தண்ணீர் தெளிந்தபின் விடியற்காலையில் இறங்கி, கடல்காற்று எழும்புவதற்குள் கரையேறிவிடுங்கள். முகத்துவாரத்தில் மணல்திட்டு இடம் மாறிக்கொண்டே இருக்கும். அலை உடையும் அந்த இடத்துக்குள் பழக்கமில்லாதவர் போகக்கூடாது. உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒரு துடுப்புகூடப் போடாதீர்கள். பிச்சாவரம் வனத்துறைக் காப்புக்காடு, அங்கே அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். மீனவர் வலை கட்டியிருக்கும் வாய்க்காலில் குறுக்கே போகாதீர்கள். முதல் நாளே கரையில் இறங்கி, “அண்ணே, எந்தப் பக்கம் வலை இருக்கு?” என்று கேட்டால் வலையோடு சேர்த்து வழியும் சொல்வார்கள்.

பெரிய மீன் மாட்டினால் அதைப் படகுக்குள் ஏற்ற வேண்டியதில்லை. கயாக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு மீன் கை எட்டும் தூரத்தில், தண்ணீரிலேயே கிடக்கும். இந்த வசதி உயரமான படகுகளில் இல்லை. கொக்கியின் முள்நாக்கைக் கிளம்பும் முன்பே இடுக்கியால் நசுக்கி வைத்துவிட்டால், மாட்டிய மீனைக் கழற்ற ஒரு திருகு போதும். கையை நனைத்துக்கொண்டு, ஒரு கை கீழ்த்தாடையில், ஒரு கை வயிற்றுக்குக் கீழே. தலையை நீரோட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடித்திருந்தால் செவுள் வழியே தண்ணீர் ஓடும். அது வாலை அடித்துத் தானாகக் கிளம்பும்வரை காத்திருங்கள். அளவு பார்க்கக் கயாக்கின் பக்கத்தில் பெயின்டால் இரண்டு கோடு போட்டுக்கொள்ளலாம். நம் ஆற்றுக்கு அந்த மேல்கோடு எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பரங்கிப்பேட்டை மையமும் மீனவர் பஞ்சாயத்துகளும் உட்கார்ந்து பேசினால் சொல்லிவிட முடியும். அதுவரை நான்கு கிலோவைத் தாண்டும் என்று கண்ணுக்குத் தெரிந்த எந்தக் கொடுவாவையும் விட்டுவிடுங்கள்.