செம்பின் மேல் கண்ணாடி

800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் கனன்றுகொண்டிருக்கும் சூளைக்குள் ஒரு செம்புத் தகடு போகிறது. அதன் மேல் இருப்பது உலர்ந்த கண்ணாடித் தூள். இரண்டு, மூன்று நிமிடங்களில் தூள் உருகித் தகட்டைப் பற்றிக்கொள்கிறது. எனாமல் என்பது இதுதான். பெயிண்ட் அல்ல, நிறமேற்றிய கண்ணாடி.

தொழிற்சாலைகளில் வரைபவர் ஒருவர், அச்சடிப்பவர் ஒருவர், நிறம் நிரப்புபவர் இன்னொருவர் என்றிருந்த 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், இந்த வேலைப் பிரிவினையை எதிர்த்து எழுந்தது கலை-கைவினை இயக்கம். எனாமல் அதற்கு அருமையாகப் பொருந்தியது. சூளையில் எந்த நிறம் எப்படி மாறும் என்று தெரியாதவரால் எனாமலுக்கு வரையவே முடியாது.

இந்தக் கலைக்கு மறுவாழ்வு தந்தவர்களில் முதன்மையானவர் அலெக்சாண்டர் ஃபிஷர். லண்டன் சவுத் கென்சிங்டனில் பிரெஞ்சுக் கலைஞர் ஒருவர் செய்துகாட்டியதைப் பார்த்து இதில் இறங்கினார். எனாமல் செய்ய முதலில் கண்ணாடிக் கட்டியை அகேட் கல்வத்தில் தண்ணீர் விட்டு அரைத்து, கலங்கல் போகும்வரை திரும்பத் திரும்ப அலச வேண்டும். அலசல் குறைந்தால் நிறம் மங்கிவிடும். கோபால்ட் நீலம் தரும், செம்பு பச்சை தரும், பொன் மாணிக்கச் சிவப்பு தரும். அந்தச் சிவப்பை வெள்ளியின் மேல் நேரே இட்டால் பழுப்பேறிவிடும்; அதனால் அடியில் தங்க ரேக்கு பதிப்பார்கள். ஒளி கண்ணாடியை ஊடுருவி, ரேக்கில் பட்டுத் திரும்பும்போது வரும் ஜொலிப்புதான் ஃபிஷரின் முத்திரை. தகட்டின் பின்புறமும் எனாமல் பூசுவது அவசியம். ஆறும்போது செம்பு கண்ணாடியைவிட அதிகம் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் தகடு வளைந்து கண்ணாடி வெடிக்கும்.

ஃபிஷரின் மாணவியிடம் கற்று, ஐம்பதை நெருங்கும் வயதில் எனாமலுக்கு வந்தவர் எடின்பரோவின் ஃபீபி ட்ராக்வேர்.

ஃபிஷரின் இன்னொரு மாணவி எர்னஸ்டீன் மில்ஸ், பெண்கள் வாக்குரிமைப் போராளி. சிறை சென்று மீண்ட தோழி ஒருவருக்காக 1909இல் அவர் செய்த பதக்கத்தில், சிறைக் கம்பிகளின் வெளியே நின்று பாடுகிறாள் சிறகுள்ள நம்பிக்கைத் தேவதை. கலையையும் அரசியலையும் ஒரே கை வார்த்த இத்தகைய நகைகளே கலை-கைவினை இயக்கத்தின் உச்சம்.

இத்தகைய பழைய எனாமல் பொருட்களை வளைப்பதோ திடீர்ச் சூட்டில் வைப்பதோ ஆகாது. கண்ணாடி உதிர்ந்த இடத்தை மீண்டும் சூளையில் வைத்துச் சரிசெய்யப் போனால் பற்றவைத்த இணைப்புகள் உருகும், மற்ற நிறங்களும் மாறும். அதனால் பாதுகாப்பு வல்லுநர்கள் பெரும்பாலும் சூடில்லாத பிசின் கொண்டே இடைவெளியை நிரப்புகிறார்கள்.