கதை முடிந்தது, கலாட்டா ஆரம்பம்!

மத்திகிரியில் மாட்டுப் பண்ணைப் பக்கம் என் அண்ணன் வீடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போயிருந்தேன்.

அண்ணனுக்கு ஓசூர் தொழிற்பேட்டையில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிப்டு மாறும். அன்று இரவு ஷிப்டு முடித்து வந்து உள்ளே தூங்கிக் கொண்டிருந்தார்.

கூடத்தில் அவர் மகன் உட்கார்ந்திருந்தான். பத்தாம் வகுப்புப் படிக்கிறான். கையில் செல்போன். கண்கள் சிவந்திருந்தன.

"என்னடா ஆச்சு?" என்றேன்.

"ஏமாத்திட்டாங்க, சித்தப்பா!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. செல்போனில் யாரோ பணத்தைச் சுருட்டிவிட்டார்களோ என்று பயந்தேன். நல்ல வேளை, அது இல்லை. பையன் ஒரு ஜப்பான் சித்திரத் தொடரைப் பார்த்து முடித்திருக்கிறான். மொத்தம் 26 பாகம். கடைசி இரண்டு பாகங்கள் பிடிக்கவில்லை. அதற்குத்தான் இந்த ஆத்திரம்.

அவனுக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. அவன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே, 1996-ல், ஜப்பான் வாலிபர்கள் இதற்காகவே கொதித்து எழுந்தார்கள்!

அப்பா கூப்பிட்டார்

தொடரின் பெயர் 'நியான் ஜெனிஸிஸ் எவாஞ்சலியன்'. 1995 அக்டோபர் 4 முதல் 1996 மார்ச் 27 வரை 'டிவி டோக்கியோ'வில் ஓடியது. ஹிடெயாகி அன்னோ என்பவர் டைரக்ட் செய்தார். 'கைனாக்ஸ்' கம்பெனி தயாரித்தது.

கதை இதுதான். 2000-ம் ஆண்டில் உலகத்தில் பெரும் அழிவு உண்டாகிறது. ஜனங்களில் பாதிப் பேர் மாண்டு போகிறார்கள். பதினைந்து வருஷம் கழித்து, 'தூதர்கள்' எனப்படும் விசித்திர ஜந்துக்கள் ஒவ்வொன்றாக வந்து தாக்குகின்றன. அவற்றை எதிர்க்க ராட்சத உருவங்களைச் செய்கிறார்கள். அவற்றை ஓட்டப் பதினாலு வயதுப் பிள்ளைகளால்தான் முடியும்.

ஷிஞ்சி என்பவன் அப்படி ஒரு பையன். தாய் இல்லை. தகப்பனார் கெண்டோ அவனை வேறு ஒருவரிடம் விட்டுவிட்டுப் போய்விட்டார். பல வருஷம் கழித்துத் திடீரென்று "வா" என்கிறார். மகன் ஆசையோடு ஓடி வருகிறான். அப்பா அவனைக் கட்டித் தழுவவில்லை, "சாப்பிட்டாயா?" என்றுகூடக் கேட்கவில்லை. ராட்சத இயந்திரத்தைக் காட்டி, "இதில் ஏறு" என்கிறார்.

அந்த இயந்திரத்துக்கு ஒரு பெரிய ஒயர் வழியாக மின்சாரம் வருகிறது. ஒயர் அறுந்தால் உள்ளே இருக்கும் பாட்டரி ஐந்து நிமிஷம்தான் தாங்கும். தொழிற்பேட்டைக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், நியாயமான கஷ்டம்!

இயந்திரத்துக்குள் ஓர் உயிரும் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு லேத்துக்குப் பொட்டு வைத்து மாலை போடும் நமக்கு, அது பெரிய ஆச்சரியம் இல்லை. ஆனால் அது யாருடைய உயிர்? இறந்து போனதாகப் பையன் நினைத்த அவனுடைய தாயின் உயிர்!

கடைசி இரண்டு வாரம்

இருபத்துநான்கு பாகம் வரை ஜனங்கள் மூச்சைப் பிடித்துக் கொண்டு பார்த்தார்கள். உலகம் பிழைக்குமா? தகப்பனார் மனசில் என்ன சூழ்ச்சி? வரும் வாரம் தெரிந்துவிடும் என்று காத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் சண்டையே இல்லை. கேள்விதான் வந்தது. "நீ ஏன் இதில் ஏறுகிறாய்? மற்றவர்கள் மெச்சவா? யாரும் மெச்சாவிட்டால் நீ யார்?" நாற்காலியில் உட்கார்ந்து ஷிஞ்சி தவிக்கிறான். படம் அசையாமல் நிற்கிறது. பென்சில் கோடுகள் வருகின்றன. வெறும் எழுத்துகள் வருகின்றன. வேலை முடிக்க அவகாசம் போதாமல் தயாரிப்பாளர்கள் திண்டாடியதும் இதற்கு ஒரு காரணம்.

கடைசிக் காட்சியில், "நான் இங்கே இருக்கலாம்" என்று பையன் தெரிந்து கொள்கிறான். எல்லோரும் சுற்றி நின்று கை தட்டி வாழ்த்துகிறார்கள். சுபம்!

ரசிகர்கள் பலருக்கு ரத்தம் கொதித்தது. "இது ஒரு முடிவா?" என்று கண்டனங்கள் குவிந்தன. இணையம் அப்போதுதான் பரவிக் கொண்டிருந்தது. அதில் திட்டித் தீர்த்தார்கள். டைரக்டரைக் கொன்றுவிடுவதாகக்கூட எழுதினார்கள்.

எல்லோரும் அப்படி இல்லை. "இது என் கதை; என் மனசுக்குள் புகுந்து பார்த்து எழுதியிருக்கிறார்" என்று உருகியவர்களும் உண்டு. அந்த 1995-ல்தான் கோபே நகரத்தைப் பூகம்பம் நொறுக்கியது. டோக்கியோ ரயில்களில் விஷ வாயு விட்டார்கள். தனிமையும் பயமும் நிறைந்த வருஷம். இத்தொடரை எடுக்குமுன் அன்னோவும் நாலு வருஷம் மனம் உடைந்து கிடந்தவர். அதை அவரே எழுதியிருக்கிறார்.

1997 ஜூலை 19-ல், அதே முடிவை வேறு விதமாகக் காட்டும் சினிமா வெளிவந்தது. ஆவலோடு தியேட்டருக்குப் போனவர்களுக்கு ஓர் அதிர்ச்சி. நடுவே திரையில் ஒரு தியேட்டர் தெரிந்தது. அதில் ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள்! அன்னோவுக்கு வந்த வசவுகளும் மிரட்டல்களும் மின்னல் போல் வந்து போயின. திட்டினவர்களுக்கே திட்டைக் காட்டிவிட்டார், மனுஷர்! சித்திரப் படத்துக்குள்ளேயே குடியிருக்காமல் வெளி உலகத்துக்கு வாருங்கள் என்பது அப்போது அவருடைய அபிப்பிராயம். அதைக் கொஞ்சம் காரமாகவே சொன்னார் என்று எனக்குத் தோன்றுகிறது.

முள்ளம்பன்றிக் கதை

தொடரில் ஒரு தத்துவம் வருகிறது. ஜெர்மன் தத்துவ அறிஞர் ஷோபன்ஹவர் சொன்ன உவமை அது. குளிர் காலத்தில் முள்ளம்பன்றிகள் ஒன்றை ஒன்று நெருங்குகின்றன. நெருங்கினால் முள் குத்துகிறது. விலகினால் குளிர் கொல்கிறது. மனிதர்களும் அப்படித்தான் என்றார் அவர்.

இதற்கு ஒரு வைத்தியம் கண்டுபிடிக்கிறார்கள், கதையில் வரும் பெரியவர்கள். எல்லா மனிதர்களையும் கரைத்து ஒரே உயிராக்கிவிட்டால் முள்ளும் இல்லை, குளிரும் இல்லை அல்லவா? ஜீவாத்மா பரமாத்மாவில் கலப்பதைக் கதாகாலட்சேபத்தில் கேட்டு வளர்ந்த நமக்கு, இது நல்ல முடிவாகத்தான் படும்.

சினிமாவில் ஷிஞ்சி வேண்டாம் என்கிறான். வலித்தாலும் பரவாயில்லை, மற்றவர்கள் மற்றவர்களாகவே இருக்கட்டும் என்கிறான். ஜப்பான் ரசிகர்கள் வருஷக் கணக்காக விவாதித்தது இந்த இடத்தைத்தான்.

நம் பக்கத்திலும் இப்படிப்பட்ட கதைக்கு வரவேற்பு இருந்தது. பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த சுஜாதா, 'என் இனிய இயந்திரா'வில் ஜீனோ என்ற இயந்திர நாயைப் பேச வைத்தார். மனிதர்களைவிட அந்த நாயைத்தான் ஜனங்களுக்குப் பிடித்தது.

விளக்கை அணைத்தார்கள்

தொடரின் ஆறாம் பாகத்தில் ஒரு காட்சி. எதிரியை ஒரே அடியில் வீழ்த்த, ஜப்பான் முழுவதன் மின்சாரத்தையும் ஓர் இடத்துக்குத் திருப்புகிறார்கள். ஊர் ஊராக விளக்கு அணைகிறது. அதற்கு 'யாஷிமா திட்டம்' என்று பெயர்.

2011 மார்ச் 11-ல் ஜப்பானில் நிஜமான பூகம்பம் வந்தது. கடல் பொங்கியது. அணுமின் நிலையம் சேதமானது. டோக்கியோ வட்டாரத்தில் மின்சாரப் பற்றாக்குறை. உடனே ரசிகர்கள் ஒருவருக்கொருவர் இணையத்தில் சொல்லிக் கொண்டார்கள்: "யாஷிமா திட்டம்! விளக்கை அணையுங்கள்!" ஒரு காலத்தில் கொலை மிரட்டல் விட்ட கூட்டத்துக்கு இந்த முகமும் இருந்தது.

அன்னோவின் ஊர்

அன்னோ பிறந்தது 1960-ல், ஊபே நகரத்தில். அதுவும் ஓசூர் மாதிரி தொழில் நகரம்தான். நிலக்கரிச் சுரங்கம், சிமெண்டு, ரசாயனம் என்று வளர்ந்த ஊர். அவர் தகப்பனார் இளம் வயதில் வேலை செய்யும் போது விபத்தில் ஒரு காலை இழந்தவர். தொடர் முழுவதும் மின் கம்பங்களும் ரயில்களும் ஆலைகளும் வருவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

அந்தக் கதையை அவர் 2007-ல் புதிதாக எடுக்க ஆரம்பித்தார். நாலாவது படம் 2021 மார்ச் 8-ல் வெளியாயிற்று. வசூல் ஆயிரம் கோடி யென்னைத் தாண்டியது. இந்தத் தடவை தகப்பனும் மகனும் உட்கார்ந்து பேசுகிறார்கள். கடைசியில் பெரியவனாகிவிட்ட ஷிஞ்சி, ஒரு ரயில் நிலையத்தை விட்டு வெளியே ஓடுகிறான். அது ஊபேயில் உள்ள நிஜமான நிலையம்! வாலிப வயதில் திட்டியவர்கள், நடு வயதில் பிள்ளை குட்டியோடு அழுதுவிட்டு வந்தார்கள். "நாங்கள் பாஸ் பண்ணிவிட்டோம்" என்று எழுதினார்கள். அந்த நிலையத்தைத் தேடிப் போய்ப் பார்க்கவும் செய்தார்கள்.

இவ்வளவையும் பையனுக்குச் சொன்னேன். பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சித்திரப் படம்தானே என்று சின்னக் குழந்தைகளிடம் கொடுத்துவிட வேண்டாம். ரத்தமும் ஆபாசமும் உண்டு.

பேச்சுச் சத்தத்தில் அண்ணன் எழுந்து வந்துவிட்டார். "என்னடா அது, காட்டு" என்று மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். பையன் முதல் பாகத்தைப் போட்டான். எழுத்து இங்கிலீஷில் ஓடியது. மகன் தமிழில் சொல்லிக் கொண்டே வந்தான். நடுவே அண்ணிக்கு ஒரு தடவை தெலுங்கில் சொன்னான்.

தகப்பனார் மகனை இயந்திரத்தில் ஏறச் சொன்ன இடம் வந்தது. அண்ணன் நிறுத்தச் சொன்னார்.

"அந்த ஆளுக்கு எந்த ஷிப்டுடா?"

பையன் சிரித்துவிட்டான். "அவருக்கு எப்பவும் ஷிப்டுதாம்பா."

அண்ணன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, போடு" என்றார்.

அன்று இரண்டு பாகம் பார்த்தார்கள். மறுநாள் முதல் அண்ணனுக்கு மத்தியான ஷிப்டு. மூன்றாவது பாகத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை பார்ப்பதில்லை என்று பையன் ஒப்புக் கொண்டிருக்கிறான்.