வீடு திரும்பிய வெள்ளி

பண்டைக் கிரேக்கரின் கலை என்றதும் சித்திரம் தீட்டிய மட்பாண்டங்களே பலருக்கு நினைவு வரும். ஆனால் அந்நாட்டுச் செல்வர் தம் விருந்துகளில் பெருமையுடன் எடுத்து வைத்தவை வெள்ளிப் பாத்திரங்களே. இன்று அவை அரிதாயிருப்பதற்கு அவற்றின் விலையே காரணம். உடைந்த மண்ணோட்டை எவரும் சீந்துவதில்லை. வெள்ளியையோ, பஞ்சம் வந்தாலும் படை வந்தாலும் உருக்கிக் காசாக்கி விடுவார்கள். பூமிக்குள் மறைந்தவையே பெரும்பாலும் பிழைத்தன.

அவ்வாறு பிழைத்த ஒரு தொகுதியின் வரலாறு நாம் அறியத்தக்கது. ஸிஸிலித் தீவிலிருந்த மார்கன்டீனா என்ற நகரை கி.மு. 211-ஆம் ஆண்டில் ரோமானியர் கைப்பற்றினர். அக்கலவரத்தில் எவரோ தம் வெள்ளிச் சாமான்களை வீட்டுத் தரையின் கீழ்ப் புதைத்தனர் போலும். மீண்டு வந்து எடுக்க அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கிண்ணங்கள், அகப்பை, சிறு பலிபீடம், இரு கொம்புகள் என உருப்படிகள் 16. அவற்றுள் ஒரு வட்டத் தகட்டைக் கண்டவர் மறக்க மாட்டார். மாலுமிகளை விழுங்கும் ஸில்லா என்னும் கடலரக்கி அதில் பாறையை ஓங்கி எறிய நிற்கிறாள். தகட்டைத் தட்டி உருவத்தைப் புடைக்கச் செய்து, பொன்முலாம் பூசியிருக்கிறான் அந்தத் தட்டான்.

இவற்றை நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் காட்சிசாலை 1981 முதல் 1984 வரை சுமார் 30 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. எங்கே கிடைத்தவை? இத்தாலியர் தமதென்றனர், அத்தாட்சி வேண்டுமே! பேராசிரியர் மால்கம் பெல் என்ற அமெரிக்கரே அதைத் தேடினார். மார்கன்டீனாவில் ஒரு பழைய வீட்டைத் தோண்டியபோது, கள்ளர் முன்னரே வெட்டிய குழிகளைக் கண்டார். நிரப்பிய மண்ணில் 100 லிரா நாணயம் ஒன்று கிடந்தது. அதில் பொறித்திருந்த ஆண்டு 1978! ஆகவே திருட்டு அதற்குப் பிந்தியதென்று தெளிவாயிற்று.

2006-இல் உடன்படிக்கை ஏற்பட்டது. 2010-இல் வெள்ளி இத்தாலி திரும்பி, மார்கன்டீனாவுக்கு அருகேயுள்ள அயிடோனே ஊரின் காட்சிசாலையை அடைந்தது.

பாத்திரங்கள் மீண்டன; ஆனால் அவை மண்ணில் எந்த வரிசையில், எவற்றுடன் கிடந்தன என்பதை இனி எவரும் அறிய இயலாது. கலைப்பொருளைத் திருடுகிறவன் அதன் சரித்திரத்தையும் சேர்த்தே திருடுகிறான். பொருளை மீட்கலாம், சரித்திரத்தை மீட்க முடியுமோ?