கமராவின் தரத்தை நெடுந்தீவுக் கல்வேலியில் பார்க்கலாம்

ஆனி பிறந்து நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயில் கொடியேறினால் குறிகட்டுவான் இறங்குதுறையில் நிற்க இடமிருக்காது. அந்தச் சனத்துக்குள் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த பிள்ளைகளின் கைகளில் சட்டைப்பைக்குள் அடங்கும் சின்னக் கமராக்கள் திரும்பவும் தென்படுகின்றன. கைத்தொலைபேசி விழுங்கிவிட்டது என்று எல்லோரும் கைகழுவிய சாமான் இது. ஜப்பானியக் கமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்கில் 2010இல் சந்தைக்குப் போன டிஜிற்றல் கமராக்கள் சுமார் 121 மில்லியன். 2023இல் எட்டு மில்லியனும் இல்லை. ஆனாலும் பழைய கமராக்களைத் தேடி வாங்கும் ஆட்கள் கூடிவருகிறார்கள். வெளிநாட்டு மாமா விட்டுப்போன ஒன்று அலுமாரிக்குள் கிடந்தால், அது இன்னும் உதவுமா என்று பார்க்கும் காலம் இது.

கடையில் பெட்டியைப் புரட்டினால் இரண்டு இலக்கங்கள்தான் பெரிதாக இருக்கும்: மெகாபிக்சல், சூம். இரண்டாலும் பெரிதாக ஒன்றும் தெரியவராது. ஆறுக்கு நாலு அங்குலப் படத்தைத் தெளிவாக அச்சடிக்க இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்றுக் கூட இருந்தால் போதும். ஏ3 அளவுக்குப் பெருப்பித்தாலும் 17 அல்லது 18 போதும். பார்க்கவேண்டியது சென்ஸரின் பரப்பு. மலிவான சின்னக் கமராக்களில் அது ஏறத்தாழ 6.2க்கு 4.6 மி.மீ.தான். ‘ஒரு அங்குலம்’ என்று விற்கப்படுவது, பெயருக்கு மாறாக, 13.2க்கு 8.8 மி.மீ.; அதுவே பரப்பில் நாலு மடங்கு. அந்த அளவுச் சென்ஸரைச் சட்டைப்பைக் கமராவுக்குள் அடக்கிப் பேரெடுத்தது 2012இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100. என்னைக் கேட்டால், அதைவிடச் சிறிய சென்ஸருள்ள கமராவைத் தூர சூம் தேவைப்படும் ஆட்கள் மட்டும் வாங்கலாம். மற்றவர்களுக்குக் கையிலிருக்கும் தொலைபேசியே மேல்.

லென்ஸைச் சோதிக்க நெடுந்தீவை மிஞ்சிய இடமில்லை. ஒழுங்கைகளின் இரு பக்கமும் சாந்து பூசாமல் அடுக்கிய முருகைக்கல் வேலிகள். ஒவ்வொரு கல்லிலும் ஊசிமுனைத் துளைகள், நட்சத்திர வடிவக் குழிகள். வேலிக்கு நேர் எதிரே நில்லுங்கள். சூமை முழுக்க அகலத்தில் வைத்து, சட்டம் நிறையக் கல் வரும்படி ஒரு படம் எடுங்கள். பிறகு பெருப்பித்து, நடுவில் தெரியும் துளைகளையும் நாலு மூலைத் துளைகளையும் ஒப்பிடுங்கள். நாலு மூலையும் ஒரே அளவில் கொஞ்சம் மங்கினால் குறையில்லை, சின்ன லென்ஸின் இயல்பு அது. ஒரு மூலை மட்டும் கலங்கி, அதற்கு எதிர் மூலை கூர்மையாக இருந்தால் கண்ணாடி சரிந்து பொருந்தியிருக்கிறது. எங்காவது விழுந்த கமராவாகவும் இருக்கலாம். அதைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அதே வேலியைப் பொழுதுபடும் நேரத்தில் ஐஎஸ்ஓ 1600இல் எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் போதாதபோது படத்தில் புள்ளி புள்ளியாக இரைச்சல் வரும். கமரா அதைத் தானாகத் தேய்த்து அழிக்கும்போது கல்லின் துளைகளும் சேர்ந்து அழியும். மோசமான கமராவில் முருகைக்கல் வேலி சீமெந்து பூசிய மதில் மாதிரி வந்து நிற்கும். கொஞ்சம் புள்ளி தெரிந்தாலும் கல் கல்லாகத் தெரிவதே நல்லது.

இன்னொன்று: கூர்மை வேண்டுமென்று லென்ஸின் துவாரத்தை எஃப் 8 வரை சுருக்காதீர்கள். அவ்வளவு சின்ன வழியால் நுழையும் ஒளி சிதறி, சின்னச் சென்ஸரில் கிடக்கும் நெருக்கமான பிக்சல்களை மீறிப் பரவும். எஃப் 4 அளவில் நிறுத்துவது நல்லது.

கடலின் அடிவானத்தைச் சட்டத்தின் மேல்விளிம்புக்கு அருகே வைத்து எடுத்தால் லென்ஸின் வளைவு பிடிபடும். வானத்துக்கு எதிரே நிற்கும் பனையோலை நுனிகளில் ஊதாக் கரை படிகிறதா என்பதையும் பார்த்துவிடலாம்.

மத்தியான வெயில் வேறு வகைச் சோதனை. நயினாதீவு நாகவிகாரையின் தாதுகோபம் உச்சி வெயிலில் கண்கூசப் பளபளக்கும்; பக்கத்து மரநிழலில் நிற்பவரின் முகமோ கறுத்துக் கிடக்கும். இந்த இடத்தில் தொலைபேசி வெல்லும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அது கண்ணிமைக்கும் நேரத்தில் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. சின்னக் கமரா பெரும்பாலும் ஒன்றைத்தான் எடுக்கும். ஆகவே வெளிச்சத்தை முக்கால் படியளவு குறைத்து, ‘றோ’ கோப்பாக எடுத்து, நிழலைப் பிறகு கணினியில் தூக்கிவிடவேண்டும். ஒருமுறை வெளுத்துப்போன வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்கமுடியாது. சிவப்புப் பட்டுச்சேலையும் இப்படித்தான். சரிகை வேலைப்பாடு தெரிகிறதா, ஒரே சிவப்பாக அப்பிக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

ஆனால் அந்த வெயிலில் திரையே தெரியாவிட்டால் இதையெல்லாம் எப்படிப் பார்ப்பது? படகின் மேற்தட்டில் நின்று கையால் திரைக்கு நிழல் பிடித்துக்கொண்டு, எதை எடுக்கிறோம் என்று தெரியாமலே அமத்தும் ஆட்கள் ஏராளம். கண்ணை வைத்துப் பார்க்கும் சாளரம் தீவுப் பக்கத்தில் ஆடம்பரமில்லை. 2014இல் வந்த ஆர்எக்ஸ்100 மூன்றாம் பதிப்பில் மேலெழும் சாளரம் உண்டு. அதே ஆண்டு வந்த கனன் ஜி7 எக்ஸில் இல்லை. இரண்டும் கிடைத்தால் நான் முன்னதையே எடுப்பேன்.

நெடுந்தீவுக் குதிரைகளிடம் போனால் சூமின் பொய்யும் வெளிக்கும். ஆர்எக்ஸ்100 லென்ஸ் அகலத்தில் எஃப் 1.8, முழுக்க இழுத்தால் எஃப் 4.9. உள்ளே வரும் ஒளி ஏழில் ஒன்றாகிவிடும். ஓடும் குதிரையை நிறுத்த ஐந்நூறில் ஒரு செக்கனாவது வேண்டும். அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், குதிரையைத் தடுக்காது. வெளியில் கானல் எழும் நேரமென்றால் எந்த லென்ஸாலும் தூரத்துக் குதிரை நெளிந்துதான் வரும். காலையில் கிட்டப் போவதே வழி.

இரவுத் திருவிழாவில் மின்சோடனைக்கு முன் படமெடுத்தால் குறுக்கே கறுப்புப் பட்டிகள் விழலாம். எல்ஈடி விளக்கு மினுங்குவதை மௌன ஷட்டர் வரி வரியாகப் படிப்பதால் வருவது அது. சாதாரண ஷட்டருக்கு மாறி, நூறில் ஒரு செக்கனுக்கு வைத்தால் பெரும்பாலும் மறையும்.

பற்றரி ஆர்எக்ஸ்100இல் ஏறத்தாழ 330 படம் தாங்கும், ஜி7 எக்ஸில் 210. யூஎஸ்பியில் ஏறுவதாக இருந்தால் பவர் பாங்க் ஒன்றோடு சமாளிக்கலாம்.

பழைய கமரா வாங்குகிறவர்கள் காசு கொடுக்கமுன் அதைக் காதருகே வைத்து ஏழெட்டுத் தரம் போட்டு நூருங்கள். லென்ஸ் வெளியே வரும்போது கரகரவென்றால் உள்ளே மணல். சாட்டிக் கடற்கரைக்கு ஒருமுறை போய்வந்தாலே அது நுழைந்துவிடும். பிறகு எஃப் 8இல் வெறும் வானத்தை எடுத்துப் பெரிய திரையில் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் கருநிழல் பொட்டு வந்தால் சென்ஸரில் தூசு. லென்ஸ் கழராத கமராவில் அதைத் துடைக்க முழுதாகப் பிரிக்கவேண்டும். பிரிக்கும் கூலி கமராவின் விலையைத் தாண்டிவிடும்.